டப்பாவில் இல்லாத சீட்டு

1

இதை எழுதச் சொன்னது ஒரு சபைப் பத்திரிகை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான மலராம். குழந்தைகளின் பயத்தை விசுவாசத்தால் போக்குவது எப்படி என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கதை வேண்டும், முடிவில் பிள்ளை சிரிக்க வேண்டும் என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு இப்போது விழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தனம் டீச்சரின் கதை ஒன்றுதான். அதில் யாரும் சிரிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திருவண்ணாமலையில் மதிவதனி என்றொரு சிறுமி இருந்தாள். அவளுக்கு எதைக் கண்டாலும் பயம்…'

பொய். பௌர்ணமிக் கூட்டத்தில் செங்கம் ரோட்டைத் தனியாகக் கடந்து கடைக்குப் போய்வருகிற பிள்ளை அவள். ஒன்பது வயதில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அது ஒரு பிஸ்கட் டப்பா.

2

டப்பாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து அதற்குள் கையை விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் எடுத்தவருக்கென்று கொடுக்கும் வாக்குத்தத்தம் அது. பெரிய சபைகளில் அச்சடித்து வாங்குவார்கள். மதிவதனி வீட்டார் போன சின்ன சபையில் ஞாயிறு பள்ளி நடத்திய தனம் டீச்சர்தான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் தன் கையால் எழுதுவார்.*

(* இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார் படத்தை வெட்டிவிடலாம், மூலையில் தடவிய மஞ்சள்தான் லேசில் போகாது.)

1996-இல் மதிவதனியின் அப்பா இளவரசனுக்கு வந்த சீட்டு இளைப்பாறுதலைப் பற்றியது. அவர் லாரி டிரைவர். "நமக்குத்தான் ரெஸ்டே இல்ல, கரெக்டா வந்துகீது பாரு" என்று மகளிடம் காட்டிவிட்டு, அதை லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். பொங்கல் கழிந்த வாரம் சிங்காரப்பேட்டை அருகே லாரி கவிழ்ந்தது. அடக்கத்தன்று பாஸ்டர் அந்த வசனத்தையே எடுத்துப் பேசினார். ஆறுதலாகத்தான் பேசினார். ஆனால், அப்பாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று சீட்டு முன்பே சொல்லிவிட்டது என முன்வரிசையில் இருந்த பிள்ளை முடிவுசெய்துகொண்டாள்.

3

(இங்கே அம்மாவை அழவைக்கும் பத்தி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அழ நேரமில்லாமல் அவர் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்.)

டிசம்பர் வந்ததும் மதிவதனி சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றாள். தான் போகாவிட்டாலும் அம்மா போவாரே, டப்பாவுக்குள் கையை விடுவாரே என்பதுதான் அவளை அரித்தது. அம்மாவிடம் இருந்த ஒரே நல்ல புடவையைத் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கிவைத்தாள். அதற்குப் பிறகு அம்மா அவளை டீச்சர் வீட்டுக்கு இழுத்துவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

இருட்டு, நாய், பரீட்சை என்று எத்தனையோ பிள்ளைகளின் பயத்தை ஜெபமும் வசனமும் சொல்லித் தெளியவைத்தவர் தனம் டீச்சர். அதே தெம்போடு டப்பாவைப் பாயில் கவிழ்த்தார். எல்லாம் நான் எழுதியதுதான், ஒன்றிலாவது கெட்டது இருக்கிறதா, நீயே படித்துப் பார் என்றார்.

"நீங்க எழுதனதுன்னா, ஆண்டவர் குடுக்கறார்னு எப்படி டீச்சர் சொல்றீங்க?"

எழுதுவது நான், எந்தக் கைக்கு எது என்று தீர்மானிப்பது அவர் என்றார் டீச்சர். இருபது வருஷமாகச் சொல்லிவந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் இளவரசனின் கையில் அதை வைத்தது யார் என்பது அவருக்கு உறைத்தது. சீட்டில் ஆண்டவர் இல்லையென்றால் பிள்ளையின் பயம் போய்விடும், கூடவே ஆறுதலும் போய்விடும். இருக்கிறார் என்றால் பயமும் இருக்கும்.

[பத்திரிகைக்கு ஏற்ற பதில் ஒன்றை இந்த இடத்தில் எழுத நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தனம் டீச்சர் அப்போது ஒரு… வேண்டாம்.]

4

மதிவதனி ஒவ்வொன்றாகப் படித்து அடுக்கினாள். அறுபத்து மூன்று சீட்டுகள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேடினாள்.

"அப்பாது எங்க டீச்சர்?"

அது டீச்சர் வருஷா வருஷம் எழுதும் வசனம்தான். இந்த வருஷம் அதற்குக் கை போகவில்லை. மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததற்குத் தாவியிருந்தார்.

"நீங்களும் பயந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. பயந்துட்டேன்."

பயப்படாதே என்று அவளிடம் சொல்லாத ஆள் இல்லை. நானும் பயந்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிள்ளை நகர்ந்து டீச்சரை ஒட்டி உட்கார்ந்தாள். வெட்டியதில் மீந்திருந்த, ஓரத்தில் மஞ்சள் படிந்த வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க. நான் கூட இருக்கறேன்."

5

முடிவு அ: டீச்சர் எழுதினார். புத்தாண்டில் அது மதிவதனியின் அம்மாவுக்கே வந்தது. அம்மா நூறாண்டு… (பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: டீச்சர் எழுதினார். டப்பாவில் போடாமல் தானே வைத்துக்கொண்டார்.

முடிவு இ: பேனா கையிலேயே இருந்தது. இருட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

எது நடந்ததென்று எனக்குத் தெரியாது. டீச்சர் கடைசிப் படுக்கையில் இருந்தபோது, பிள்ளை சீட்டை நீட்டியது வரைதான் என்னிடம் சொன்னார். எழுதினீர்களா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

இந்தக் கதையில் அந்த வசனம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எனக்கு அது மனப்பாடம். ஒரே வரிதான். மூன்று முறை எழுதப்போய் மூன்று முறையும் தாண்டிவந்துவிட்டேன். என் மகன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். சிங்காரப்பேட்டை வழிதான் வர வேண்டும்.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் கூட இருப்பதானால் எழுதிவிடுவேன்.

………………………………