நடுவில் வைக்கிற டிஷ்

பிளேட் வேறு, டிஷ் வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது.

எங்கள் வீட்டில் தட்டையாக இருந்தால் தட்டு, குழிவாக இருந்தால் கும்பா. அத்தோடு முடிந்தது. திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கி, சாப்பாட்டு அறையில் பரிமாற ஆள் எடுத்தார்கள். நானும் சேர்ந்தேன். ஷர்லி மேடம் பாடம் எடுத்தார்.

"பிளேட்டு ஒருத்தருக்கு மட்டும்தான். டிஷ்ஷ நடுவுல வைக்கணும், எல்லாரும் அதுல இருந்து எடுத்துப்பாங்க. ஆத்மநாதன், கவனிக்கிறீங்களா?"

கவனித்தேன். சாசரில் எதையும் ஊற்றி ஆற்றக் கூடாதாம். கப்புக்கு அடியில் அது சும்மா இருக்க வேண்டுமாம். சும்மா இருப்பதற்கென்றே ஒரு பாத்திரம் செய்தவன் மீது எனக்கு எரிச்சலாக வந்தது. மக் என்றால் எங்கள் ஊரில் குளியலறையில் இருப்பது. அதில் காபி கொடுக்கச் சொன்னபோது கேட்டது சரிதானா என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தேன்.

எரிச்சலைக் காட்டிக்கொள்ள முடியாது. ஏழு வருஷம் கத்தாரில் லாரி ஓட்டியவன் நான். திரும்ப வரச் சொல்லி விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட், வீட்டில் பெட்டியும் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் இந்த வேலை உறுதியானால் போக வேண்டியதில்லை. என் மகள் ஹரிணிக்கு ஆறு வயது. நான் கூடத்துக்கு வந்தால் அவள் பேச்சு நின்றுவிடும். அவளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசும் வரையாவது ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தினமும் ஆவுடையார்கோவிலில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஜன்னலோரம் கண் செருகும். கண்மாய்த் தண்ணீரில் பிளேட்டுகள் மிதந்து போகும். பெரிய டிஷ் ஒன்று வெயிலை ஏந்திக்கொண்டு கரையோரம் நிற்கும். கப்புகள் வரிசையாக வரப்பில் நடந்து வரும், சாசர்கள் பின்னால் சோம்பலாக வரும். கண்டக்டர் தோளைத் தட்டும்போது எந்த ஊர் என்றே தெரியாது.

சனிக்கிழமை மதியம் பரீட்சை. வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. மேடம் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். சூப்புக்கு பவுல் வைத்தேன். ரொட்டிக்கு இடது பக்கம் சின்ன பிளேட். ஒரு பிசகும் இல்லை. கடைசியில் சோறு. மூடி போட்ட டிஷ்ஷை நடுவில் வைத்து, மூடியை எடுத்தேன்.

ஆவி எழுந்தது.

முற்றத்து வெளிச்சத்தில் அது மெல்ல, வெள்ளையாக மேலே போனது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமிக்குத் தட்டு கிடையாது. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கல்லின் மேல் அப்படியே கொட்டுவார்கள். எழும்புகிற ஆவிதான் படையல். கண்ணுக்குத் தெரியாத சாமி, கைக்குப் பிடிபடாத சாப்பாடு. அந்த ஆவி அடங்கும்வரை யாரும் அசையமாட்டோம். பிறந்ததிலிருந்து உடம்பு அப்படியே பழகியிருக்கிறது. மூடியோடு சேர்த்துக் கை கூப்பிவிட்டேன். கண்ணும் மூடிக்கொண்டது.

எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. மேசை இல்லை, சுவர் இல்லை. சோற்று வாசனைக்குள் எங்கள் வீடு மட்டும் இருந்தது. ஏழு வருஷமும் அந்த வீட்டில் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியாமல். சாமிக்கு அது போதும், எனக்குப் போதாது.

கண் திறந்தபோது ஆவி அடங்கியிருந்தது. அந்தப் பெரியவர் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். அவர் மனைவி கையைக் கூப்பியிருந்தார். மேடத்தின் முகம் இறுகிக் கிடந்தது. போச்சு என்று நினைத்தேன்.

அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் மேடம் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"சோறு ஆறிப்போச்சு."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"ஏன் அப்படி நின்னீங்க?"

கோயில் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தம்மா போறப்ப, ராத்திரிக்கும் இவர்தான் பரிமாறுவாரான்னு கேட்டாங்க. ஒரு சாமான்கூட நீங்க மாத்தி வைக்கல. ஆனா ஆறுன சோறு இங்க ஆகாது. இனிமே அடுப்படியிலேயே மூடியத் தொறந்து கும்பிட்டுட்டு, மூடிக் கொண்டாங்க. வேல லெட்டர சாயங்காலம் வாங்கிக்கங்க."

கிணற்றடியில் உட்கார்ந்து என் மனைவி உமாவுக்குப் போன் போட்டேன். "வேல கெடச்சிருச்சு. நான் போகல" என்றேன். உமா அதை உள்ளே திரும்பிச் சொல்வது கேட்டது. அப்புறம் ஏதோ உருளுகிற சத்தம், ஜிப் இழுபடுகிற சத்தம்.

"என்ன உமா அங்கிட்டு?"

"ஹரிணிங்க. ஒங்க பெட்டியத் தொறந்து சட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டுக்கிட்டிருக்கா. நான் எடுக்கச் சொல்லலங்க, அவளாத்தான்."