ஏழாவது ஐட்டம்: ஸ்லோ சைக்கிள்

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் அடுக்ககச் செயலாளர் ஸ்மிதா பட்டியலை ஒட்டினாள். சங்கராந்தி வாரத்து நிகழ்ச்சிகள், பத்து வரிகள். கோலப் போட்டி, மொட்டை மாடியில் பட்டம், இலவசக் கண் பரிசோதனை, தம்போலா. ஏழாவதாக ஸ்லோ சைக்கிள், ஞாயிறு காலை பத்து மணி. அதன் கீழே சின்ன எழுத்தில்: மூன்று பேராவது சேர வேண்டும், இல்லாவிட்டால் ரத்து.

உலகநாதன் கேட்டதால் சேர்த்தது அது. மாரெட்பள்ளியில் இந்த அடுக்ககத்துக்கு வந்த பதினொரு வருடத்தில் அவர் செயலாளரிடம் கேட்ட ஒரே காரியம்.

"அங்கிள், லாஸ்டா எப்ப சைக்கிள் ஓட்டினீங்க?"

"பர்சோ."

"பர்சோன்னா எந்த வருஷம்?"

ஸ்மிதா சிரித்தாள். அவரும் சிரித்தார். இந்த ஊர் உருதுவில் நாளை மறுநாளும் பர்சோ, முந்தாநாளும் பர்சோ. போன வருடமும், கல்யாணம் ஆன வருடமும்கூடப் பர்சோதான். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரக்கோணத்துக்காரரான அவருக்கு அது குழப்பமாக இருந்தது. பிறகு அவரும் அப்படித்தான் பேசினார்.

"வெளியாள் சேரலாமாம்மா?"

"ஷ்யூர் அங்கிள். யாரு?"

"கூட வேலை பார்த்தவரு."

பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவருடையது. இரண்டாம் மாடி சுனிலுடையது. சுனில் தினமும் காலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சைனிக்புரி வரை போய் வருகிறவன். மெதுவாக ஓட்டுவதில் என்ன போட்டி என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. மூன்றாவதாக யார் வந்தாலும் போட்டி நடக்கும். உலகநாதனுக்கு ஒருவர்தான் வர வேண்டும். செல்லப்பா.

*

எண்பத்து நான்கு, பொங்கல். லாலாகுடா குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானம். நாலரை மணிச் சங்கு ஊதினால் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து சைக்கிள்கள் வெள்ளமாக வரும். மணி அடித்து வழி கேட்க முடியாது, எல்லோரும் அடித்துக்கொண்டிருப்பார்கள். வருடம் முழுவதும் சங்குக்கு முன் உள்ளே போய்ச் சேர வேகமாக மிதித்தவர்கள், பொங்கலன்று ஒரு நாள் மெதுவாக மிதித்தார்கள்.

சுண்ணாம்புப் பொடியில் நான்கு பாதைகள். இருபத்தைந்து கஜம். கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் வெளியே. பார்க்க ஒரே ஆள், சார்ஜ்மேன் நாராயணஸ்வாமி. நான்கு பாதைகளையும் ஒருவர் பார்க்க முடியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கால் ஊன்றியவன் தானே கையைத் தூக்கி "ஊனிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் சொன்னால் கணக்கில்லை. சொல்லாமல் யாரும் இருந்ததில்லை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். உலகநாதனும் செல்லப்பாவும். ஒரே பெஞ்சில் வேலை. ஒரே கேரியரில் சாப்பாடு. இரண்டு சைக்கிளும் நகரவில்லை. ஜனம் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது.

உலகநாதனின் இடது கால் விரல் தரையைத் தொட்டது. தொட்டு எழுந்தது. செருப்பு நுனியில் சுண்ணாம்பு.

"ஊனிட்டான்!" என்று செல்லப்பா கத்தினான். கத்தியதில் அவன் சைக்கிள் ஆடியது. இரண்டு காலும் கீழே.

நாராயணஸ்வாமி கிட்டே வந்தார். "உலகநாதா, ஊனினியா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். பரிசு ஒரு ஆல்வின் கைக்கடிகாரம். செல்லப்பா மறுநாள் வேறு பெஞ்சுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு.

கடிகாரத்தை உலகநாதன் கட்டியதில்லை. வார் அரிக்கிறது என்று மனைவி ராஜியிடம் சொன்னார். நாற்பது வருடமாக அரிக்கிறது.

போன நவம்பரில் வரிசையில் செல்லப்பா இல்லை. மூட்டு ஆபரேஷன் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் உலகநாதன் கீழே போய்ப் பழைய சைக்கிளைத் துடைத்தார். எண்ணெய் போட்டார்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தார். ஒர்க்‌ஷாப் பென்ஷன்காரர்கள் குரூப்பில் எண் இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.

"யாரு?"

"லாலாகுடா உலகநாதன்."

அந்தப் பக்கம் தெலுங்குச் செய்தி ஓடியது. யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"சொல்லு."

காலையிலிருந்து நான்கு வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அந்த ஸ்லோ சைக்கிளு," என்றார். "பர்சோ."

"ஹவ், ஆமா. பர்சோதான். எனக்குத் தெரியாதா?"

"அதான்… நீ…"

"நக்கோ உலகநாதா. வேணாம். இதுக்குத்தான் போன் பண்ணியா?"

வைத்துவிட்டான்.

ராஜி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா சொன்னாரு?"

"வேணான்றான்."

"நீ இன்னா சொன்ன?"

"பர்சோ ஸ்லோ சைக்கிளுன்னேன்."

"அவ்ளோதானா? வான்னு கூப்பிடலியா?"

"அதுக்குள்ள வெச்சிட்டான்."

"நல்லா கூப்பிட்ட போ. பால்காரனுக்குக்கூட இதைவிட விவரமா சொல்லுவ."

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். ராஜி அவருடைய போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சார்ஜ் போட என்று அவர் நினைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வானத்தில் நிறையப் பட்டங்கள். கார்களை வெளியே நிறுத்தி வாகன வழியைக் காலி செய்திருந்தார்கள். சாக்பீஸில் மூன்று பாதைகள். உலகநாதன் போட்டவை. சுனில் தலைக்கவசத்தோடு தயாராக நின்றான்.

பத்தேகால் வரை பார்த்தார்கள். ஸ்மிதா யார் யாரையோ கேட்டாள். ஒருவரிடமும் சைக்கிள் இல்லை. இருந்தவை எல்லாம் குழந்தைகளுக்குச் சிறியதாகிப்போய் ஆணியில் தொங்கின.

"ரெண்டே பேர் அங்கிள். நீங்க ரெண்டு பேரும் போறீங்களா? நான் அலவ் பண்றேன்."

"வேணாம்மா. ரூல்னா ரூல்தான்."

ஸ்மிதா சுவரில் இருந்த பட்டியலில் ஏழாவது வரியின் மேல் கோடு போட்டாள். எட்டாவது மியூசிக்கல் சேர். நாற்காலிகள் வந்தன. சாக்பீஸ் கோடுகளின் மேல் வட்டமாகப் போட்டார்கள். தெலுங்குப் பாட்டு ஆரம்பித்தது.

உலகநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார். மோட்டார் அறைக்கு அருகே அதன் இடம். ஸ்டாண்டு போட்டார். வீட்டுக்குப் போக மனமில்லை. அங்கேயே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

பாட்டு இரண்டு முறை நின்று மீண்டும் ஓடியது. சுவரோரம் கைத்தடிச் சத்தம் கேட்டது.

செல்லப்பா. தலை முழுக்க வெள்ளை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான்.

"தார்நாகாலேர்ந்து ஆட்டோ. கேட்ல உன் பேரைச் சொன்னா, ரேஸ் கேன்சல்ன்றான் வாட்ச்மேன்."

உலகநாதன் எழுந்தார். "வேணாம்னியே."

"நான் எங்கடா ரேஸ் வேணாம்னேன்? நாப்பது வருஷம் கழிச்சு போன் பண்ற. ஸ்லோ சைக்கிளு, பர்சோன்ற. அந்தப் பர்சோன்னு நெனச்சேன். திரும்ப ஜெயிச்ச கதையைச் சொல்லப் போறான்னு வெச்சிட்டேன்."

"நான் இந்தப் பர்சோவைச் சொன்னேன்."

"அது காலையிலதான் புரிஞ்சுது. குரூப்புல லிஸ்ட்டைப் போட்டிருக்க. ஏழாவது ஐட்டம்."

"நான் போடலியே."

உலகநாதன் மேலே பார்த்தார். செல்லப்பாவும் பார்த்தான். மூன்றாம் மாடியில் உலகநாதன் வீட்டுப் பால்கனிக் கொடியில் ராஜியின் புடவை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

செல்லப்பா சைக்கிளைப் பார்த்தான். ஹேண்டில்பாரைத் தொட்டான். மணியை ஒரு முறை அடித்தான்.

"அதே சைக்கிளா?"

"அதேதான். டயர் மட்டும் புதுசு."

"நான் ஏற முடியாதுடா. முட்டி மடங்காது. சும்மா பாக்கலாம்னுதான் வந்தேன்."

"சரி. நீ பாரு."

உலகநாதன் ஸ்டாண்டை எடுத்தார். சைக்கிளைச் சுவர் ஓரத்திலிருந்து நேராகத் திருப்பினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்தில் பாட்டு நின்றது. யாரோ கத்தினார்கள், நாற்காலி ஒன்று விழுந்தது.

அவர் வலது கையைத் தூக்கினார்.

"ஊனிட்டேன்."

செல்லப்பா அவரைப் பார்த்தான்.

"இன்னாடா நீ. இன்னும் ஏறவே இல்ல."

"இப்ப இல்ல," என்றார் உலகநாதன். "பர்சோ."

கை இன்னும் மேலேயே இருந்தது. செல்லப்பா கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். குனிந்து தரையைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை, சிமெண்டும் கொஞ்சம் எண்ணெய்க் கறையும்தான்.

"எந்தக் காலு?"

"இடது."

"அதான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்றான் செல்லப்பா. "கையை எறக்கு."