மாவுச் சாக்கை யார் தூக்குவது

அன்று கரையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மகள், மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் கணவர், ரொட்டிக்கடைக்காரர்; எங்கள் குடும்பத்துக்கு வந்தபின் அவருக்கு அதுதான் முதல் வசந்தம். என் மனைவியின் தம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். எவ்வளவு அமுக்கினாலும் மேலே வந்துவிடுவான் என்பதால் எல்லோரும் அவனைத் தக்கை என்றே கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். என் மனைவி வரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு வீட்டிலேயே குழாய் இருக்கிறது என்பது அவள் கட்சி. முடிதிருத்தும் கடைக்காரரும் எங்களோடு இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். அங்கேயும் அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க ஆற்றங்கரைப் பாதை பூட்டியிருக்கும். பனி கரைந்து, கரையோர மரங்களில் துளிர் தெரிய ஆரம்பித்ததும் தூண்டில் சங்கம் ஒரு நாளைக் குறிக்கும். அன்று விடியற்காலையில் இரும்புக் கதவைத் திறப்பது எங்கள் வீடு. சாவி என் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறது. சங்கத்தில் தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், சாவி மாறாது. நான் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் ஒப்படைக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

சாவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. கரையில் யாருடைய குப்பை கிடக்கிறதோ, அவர்கள் வீட்டில் சாவி இருக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். கதவைத் திறந்ததும் தூண்டிலைத் தொட மாட்டோம். கதவிலிருந்து ஆற்று வளைவு வரை, போன பருவத்தில் கண்டவர்கள் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி ஒரு சாக்கில் போடுவோம். பாட்டில், பிஸ்கட் உறை, சிக்கலாகிப்போன நைலான் நரம்பு, அறுந்த தூண்டில் முள், எல்லாம். சாக்கை வளைவில் மரத்தடியில் வைத்துவிட்டுப் பிறகுதான் மீன்பிடிப்பு. வீடு திரும்பும்போது அந்தச் சாக்கைத் தெருமுனைக் குப்பைத் தொட்டிவரை தூக்கிப் போகிறவர், அன்று மீன் கிடைக்காதவர். மீன் பிடித்தவர் சாக்கைத் தொட மாட்டார். அது மீனுக்கும் மரியாதை, சாக்குக்கும் மரியாதை. பல வருஷமாகத் தக்கைதான் தூக்கிக்கொண்டிருந்தான். தோளில் அதற்கென்றே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது என்பான்.

இந்த வருஷம் சாக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தது. மாவு வந்த வெள்ளைச் சாக்கு. அவர் கடையின் பெயர் நீல எழுத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது.

காற்று சில்லென்று இருந்தது. தண்ணீர் நிறைந்து ஓடியது. எனக்குக் கொஞ்ச நேரத்திலேயே ஒன்று சிக்கியது. என் மகளுக்கு அதைவிடப் பெரிது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் மீனுக்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. தக்கைக்கு மீன் கிடைத்தது. அவனே நம்பவில்லை. யாராவது தண்ணீருக்குள்ளிருந்து மாட்டிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தான்.

மிச்சம் மாப்பிள்ளை. ரொட்டிக்கடைக்காரர் என்பதால் விடியற்காலையில் விழித்திருப்பது அவருக்குப் பழக்கம்; அசையாமல் நிற்பதுதான் பழக்கமில்லை. தூண்டிலை மாவு பிசைகிற மாதிரி பிடித்திருந்தார். தக்கை சாக்கைக் காட்டி, அளவு சரியாக இருக்குமா என்று தோளில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தான். நான் கண்டிக்கவில்லை. மச்சான் பல வருஷம் சுமந்தவன், அந்த உரிமை அவனுக்கு உண்டு. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, பாலத்துக்குக் கீழே நீர் அமைதியாக இருக்கிறது, அங்கே போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு மீன் கையில் இருந்தது.

நான்கு பேர் கையிலும் மீன். எங்கள் வீட்டில் என்றும் நடக்காதது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெரு வழியாக வந்தோம். நேர்வழியில் வராமல் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தோம். மறுநாள் காலை சவரத்துக்குப் போனபோது, எங்கள் வீட்டில் இந்த வருஷம் வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவரும் இல்லை என்று முடிதிருத்தும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர்தான் சங்கத்தின் செயலாளர். சவரக்கத்தி என் தொண்டையில் இருந்ததால் சுருக்கமாகத்தான் சொன்னேன்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் ஆற்றுக் காவல் அலுவலர் உள்ளே வந்தார். முழங்கால் வரை சேறு பூசிய பூட்ஸ் போட்ட பெண்மணி. வளைவில் கரை முழுக்கக் குப்பை சிதறிக் கிடக்கிறது, நாய்கள் இழுத்துப் போட்டிருக்கின்றன, நடுவில் ஒரு மாவுச் சாக்கு கிழிந்து கிடக்கிறது என்றார். சாக்கில் இருந்த பெயரையும் சொன்னார்.

அன்று மாலையே கூட்டம். கடையை அடைத்துவிட்டு உள்ளேயே கூடினோம். சுழல் நாற்காலிகளில் மூத்தவர்கள், மற்றவர்கள் சுவரோரமாக, வாசலருகில் அலுவலர். மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. நான் முதுகை வளைக்கவில்லை. எங்கள் வீட்டார் கரையில் குப்பை போடுவதில்லை என்று நின்றபடியே சொன்னேன்.

செயலாளருக்கு அந்தச் சாவி மேல் நீண்ட நாளாக ஒரு கண். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, மீன் கிடைக்காதவர்தான் மூட்டையத் தூக்கணும். உங்க வீட்டு முறை அதுதானே?"

"அதேதான்."

"இந்த வருஷம் யார் தூக்கினாங்க?"

காலையில் அதே கடையில் உட்கார்ந்து அவரிடம் நானே சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் மீன். ஆகவே சாக்கை யாரும் தொடவில்லை. அதைவிட வேடிக்கை, அது மரத்தடியில் நிற்கிறது என்பதே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன் இருக்கிறவன் சாக்கைத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்களுக்கு அவ்வளவு ஊறிப்போயிருந்தது. சுவரோரத்தில் தக்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

குப்பை எங்களுடையது அல்ல. ஆனால் அதை அங்கே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிறர் வந்து சாவியைக் கேட்கும் வரை காத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவில் வைத்தேன்.

"எடுத்துக்குங்க. தப்பு எங்க மேல."

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். கையெல்லாம் மாவு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் பொறுங்க. எனக்கு மீன் கிடைக்கலை. பாலத்துக்கிட்ட மீன் கடையில வாங்கினேன். மூட்டை நான் தூக்க வேண்டியது."

எனக்கு முதலில் வந்தது கோபம், அதை மறைக்க மாட்டேன். சாவி போனால் ஒரு வருஷப் பேச்சு. வீட்டு மாப்பிள்ளை கடையில் மீன் வாங்கி ஆற்றில் பிடித்ததாகக் காட்டினார் என்றால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். உட்காருங்கள் என்று அவருக்குச் சைகை செய்தேன். அவர் உட்காரவில்லை. என் மகளைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா இது?"

"மீனை அரியும்போதே தெரியும்பா. உள்ள குடலே இல்ல. குடல் இல்லாம எந்த மீன் ஆத்துல நீந்தும்?"

"ஏன் சொல்லலை?"

"நீங்க கடைத்தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டீங்களே. நான் எங்க போய்ச் சொல்ல?"

சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. முதல் வருஷமே வெறுங்கையோடு உங்கள் பின்னால் நடந்து வரக் கூச்சமாக இருந்தது, சாக்கைத் தூக்கக் கூச்சமில்லை என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். தினம் மாவு மூட்டை தூக்குகிறவர், குப்பை மூட்டைக்கு ஏன் அஞ்சப் போகிறார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்ல எனக்குத் தெரிந்து அந்தச் சங்கத்தில் வேறு யாருக்கும் முதுகெலும்பு கிடையாது. அவர் என் குடும்பம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.

செயலாளர் சாவியை நோக்கிக் கையை நீட்டினார். அலுவலர் அவரைத் தடுத்துவிட்டு, தான் பொறுக்கிக் கொண்டுவந்த குப்பையைத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினார். இது யாருடையது என்று பார்த்துவிட்டு எடுங்கள் என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அதில் இருந்தவை புதியவை அல்ல. போன பருவத்து வெயிலில் வெளுத்த உறைகள், பாசி பிடித்த பாட்டில்கள். ஒருவர் தன் புகையிலை டப்பாவை அடையாளம் கண்டு காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். நடுவில் துருப்பிடித்த முகப்பவுடர் டப்பா ஒன்று உருண்டு வந்து நின்றது. திறந்தால் உள்ளே காய்ந்த மண். மூடியில் ஏற்கெனவே துளைகள் இருப்பதால் மண்புழுக்களுக்கு மூச்சு முட்டாது என்று பவுடர் டப்பாவில் புழு கொண்டுவருகிறவர் எங்கள் சங்கத்தில் ஒரே ஒருவர். அவர் கடையில்தான் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அலமாரியில் அதே டப்பாக்கள் வரிசையாக நின்றன.

தக்கை அதைத் துண்டால் துடைத்து, மரியாதையாக இரண்டு கையாலும் செயலாளரிடம் நீட்டினான்.

"அண்ணே, உங்க டப்பா. குளிர்காலம் பூரா எங்க கரையில பத்திரமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. செயலாளரே தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். மற்ற கரைகளில் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்ததாகவும், எங்கள் பாதையில் மட்டும் எல்லாம் ஒரு சாக்குக்குள் போயிருந்ததாகவும் அலுவலர் சொன்னார். கடைசிச் சில அடி நடக்காமல் விட்டதுதான் குற்றம், அதற்குச் சாவியைப் பிடுங்க வேண்டாம் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. செயலாளர் கை சற்றுத் தாமதமாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் முறையை மாற்றினேன். இனி சாக்கைத் தூக்குவது பெரிய மீன் பிடித்தவர். என் மகள் அதற்கு ஒப்புக்கொண்டாள். அடுத்த வாரம் மாப்பிள்ளைக்கு ஆற்றில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் சிக்கியது. அதை உயிரோடு என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார், குடல் இருக்கிறதா பாருங்கள் என்று. பிறகு தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

இப்போது முடிதிருத்தும் கடையில் ஒரு பேச்சு நடக்கிறது. கடையில் வாங்கிய அந்த மீனை நான் ஆற்று மீன் என்று நம்பிச் சாப்பிட்டேனாம், இந்த ருசி நம் ஆற்றுக்கு மட்டும்தான் வரும் என்று சொன்னேனாம். சாப்பிட்டது உண்மை. அப்படிச் சொல்லவில்லை. உப்பு குறைவு என்று மட்டும்தான் சொன்னேன்.