சும்மா ஒரு டைரக்டர்

என் கொழுந்தனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது நான்தான். உட்கார்ந்து பேசமாட்டான், உட்கார்ந்து சாப்பிடமாட்டான். லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருப்பான். அன்று காலை அவன் சுற்றிய சுற்றில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தலை கிறுகிறுத்தது.

"அண்ணி, இன்னிக்கு ஆடிட்டரைப் பாக்கப் போகணும். நீங்களும் வாங்க."

"நான் எதுக்குப்பா அங்க?"

"சும்மா வந்து உக்காருங்க, போதும்."

பம்பரத்தின் தொழில் ஆப் எழுதுவது. நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, மாடி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறான். என் மகளின் பள்ளி வேன் ஒருநாள் வந்து சேரவில்லை. கொட்டுகிற மழையில் வாசலில் நின்று நான் கத்திய கத்தலைக் கேட்டுத்தான் அவனுக்கு யோசனையே வந்தது. 'வண்டி வந்தாச்சு' என்று ஆப்புக்குப் பெயர். வேன் எங்கே வருகிறது என்று அம்மாக்களின் போனில் காட்டும். இப்போது ஊரில் பாதி வேன்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

அந்த ஆப்பின் மூலையில் 'உதவி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் அடிப்பது என் போன். ஆரம்பத்தில், "ரெண்டு நாளைக்குப் பாத்துக்கோங்க அண்ணி, சும்மா ரெண்டு மூணு பேருதான் கூப்பிடுவாங்க" என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினான். அதற்கப்புறம் மகள் ஒரு வகுப்பு தாண்டிவிட்டாள். டிரைவர்கள் எல்லாருக்கும் நான் அண்ணி. தலை முழுக்க நரைத்தவர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார், நானும் விட்டுவிட்டேன்.

ஆடிட்டரைப் பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரு பெரிய பள்ளிக்கூடம். பல கிளைகள், நிறைய வண்டிகள். எல்லாவற்றுக்கும் எங்கள் ஆப் வேண்டும் என்றார்கள். ஆனால் தனி ஆளை நம்பி ஒப்பந்தம் போடமாட்டோம், கம்பெனியாக வந்தால் பேசுவோம், அதற்கான வேலையை வெள்ளிக்கிழமைக்குள் தொடங்கிக் காட்டு என்று சொல்லிவிட்டார்கள். பம்பரம் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது அதனால்தான்.

ஆடிட்டரின் அறை கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. நாடா கட்டிய கோப்புகள் நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்ததால், மனிதர்களுக்கு இரண்டுதான் மிச்சம். ஆடிட்டர் என் வயதுப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"இதுவரைக்கும் எப்படி ஓட்டிட்டிருக்கீங்க?"

"தனியாத்தான் மேடம். காசு என் அக்கவுண்டுக்கு வரும், எடுத்துச் செலவு பண்ணுவேன்."

"வரி?"

பம்பரம் நின்றது. "வருஷக் கடைசியில பாத்துக்கலாம்னு..."

"வருஷக் கடைசியில வயித்தெரிச்சல்தான் இருக்கும், காசு இருக்காது. வர்றதெல்லாம் உங்களுது இல்லீங்க. வந்த அன்னிக்கே வரிக்குன்னு ஒரு பங்கை வேற அக்கவுண்டுக்குத் தள்ளிடணும். கண்ணுல பட்டா கரைஞ்சிடும்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார் என்றால் பாருங்கள். "தனி ஆளா இருந்தா லாபமும் உங்களுது, வம்பும் உங்களுது. நாளைக்கு வண்டி இருக்கற இடத்தைத் தப்பாக் காட்டி யாராவது கேஸ் போட்டா, உங்க பேருல இருக்கற சட்டி பானை வரைக்கும் வந்து நிப்பாங்க. ரெண்டு பேரு கூட்டா தொழில் பண்ணா, ஒருத்தர் பண்ற தப்புக்கு இன்னொருத்தரும் தலையைக் குடுக்கணும். கம்பெனின்னா அதுவே ஒரு தனி ஆளு மாதிரி. அதோட கடன் பெரும்பாலும் அதோட போகும். ஆனா தும்மினாக்கூட கணக்குக் காட்டணும். உங்களுக்கு ரெண்டு டைரக்டர் வேணும்."

"அதுக்குத்தான் அண்ணியைக் கூட்டிட்டு வந்தேன்." பம்பரம் உற்சாகமாகிவிட்டான். "அப்படியே இவங்களுக்கு ஒரு சம்பளமும் போட்டுட்டா, கம்பெனி செலவுல கழிச்சுக்கலாம்ல? வரி குறையும். வீடியோவுல ஒருத்தன் சொன்னான்."

"போடலாமே. என்ன வேலை பாக்கறாங்க?"

"அண்ணியா? வீட்ல சும்மாதான் இருக்காங்க. பேருக்குப் போட்டுக்கலாம்."

அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அடித்தது. 'உதவி' கேட்டு யாரோ. அதுவரை ஒரு அழைப்பையும் நான் விட்டதில்லை. அன்று கையை உள்ளே விட்டு அதன் வாயை மூடினேன்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சும்மா இருக்கறவங்களுக்குச் சம்பளம் போட்டா அது செலவு இல்ல சார், பொய்க் கணக்கு. நாளைக்கு வரி ஆபீஸ்ல இவங்களையே கூப்பிட்டு, 'என்னம்மா வேலை பாக்கறே'ன்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்வாங்க? யோசிச்சிட்டு வியாழக்கிழமை வாங்க."

வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "உங்க தம்பி என்னை என்ன சொன்னான் தெரியுமா? நான் சும்மா இருக்கேனாம்!"

அவர் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "இதுக்கா இந்தக் குதி குதிக்கற? உங்கம்மா போன் பண்ணி 'என்ன பண்ற'ன்னு கேட்டா, நீயே 'சும்மாதான்மா இருக்கேன்'னுதானே சொல்ற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக. "நான் சொன்னா அது பேச்சு. அவன் சொன்னா அது கணக்கு!"

"குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு வேண்டிக்கெடக்கு? சும்மா ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வா."

அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே.

மறுநாள் காலை, வேன்கள் கிளம்பும் நேரத்துக்கு, என் போனைக் கொண்டுபோய்ப் பம்பரத்தின் முன்னால் வைத்தேன். "இன்னிலேருந்து நான் சும்மா இருக்கப் போறேன்பா. நீயே பாத்துக்கோ." சொல்லிவிட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணி, என் வண்டி ஏரிக்குள்ள நிக்கற மாதிரி காட்டுதாம். அம்மாமாருங்க உசிரை வாங்கறாங்க!"

"அண்ணே, லாக் அனுப்புங்க. லாக்."

போன் தன் பாட்டுக்கு எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்புகளுக்கு அவர்கள் தொழிலில் லாக் என்று பெயர். டிரைவருக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"லாக்கா? பிள்ளைங்களை உள்ள வச்சா?" என்று அலறினார். "நீங்க யாரு சார்? அண்ணி எங்க?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரைச்சீலையை வாயில் வைத்து அடைத்தேன். ஆனால் சும்மா இருப்பது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. ஒவ்வொரு மணிக்கும் கை தானாக எழுந்தது. எழுந்த கையால் ஜன்னல் கம்பியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். இந்த வீட்டில் ஒரு பம்பரம் போதாதென்று நானும் ஒன்றாகிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு தாய். குரலே புதிது. "என் பையன் வண்டி ஏரியில நிக்குது! டிரைவர் போனை எடுக்கல! எடுக்கலங்க!"

"மேடம், அது ஒண்ணுமில்ல, சர்வர் ஸ்லோ. பழைய லொகேஷன் அப்படியே நின்னுருக்கும்..."

"ஏரியில நிக்குதுங்கறேன், நின்னுருக்கும்ங்கறீங்க!" அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

பம்பரம் என்னைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. எழுந்தால் நான் தோற்றேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். என் மானம் பெரிதா, ஒரு தாய் வயிற்றில் எரிகிற நெருப்பு பெரிதா? எழுந்து போனைப் பிடுங்கினேன்.

"அழாதம்மா. நான் அண்ணி பேசறேன். பையன் பேரு என்ன? லைன்லயே இரு."

கொழுந்தனின் போனிலிருந்து வண்டியில் வரும் ஆயாவைக் கூப்பிட்டேன். டிரைவர் ஓட்டும்போது எடுக்கமாட்டார், அது நான் போட்ட சட்டம். ஆயா பையனிடம் கொடுத்தாள். இரண்டு போனையும் வாயும் காதுமாக ஒட்டிப் பிடித்தேன். "அம்மா," என்றது ஒரு குட்டிக் குரல், "சாப்பாட்டு டப்பாவ மேஜை மேலயே வச்சிட்டேன்மா." அந்தத் தாய் அழுகையோடு சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

போனை வைத்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரம். எப்படியும் இவள் செய்துவிடுவாள் என்று நானே நிரூபித்துவிட்டேனே! அவ்வளவுதான், இனி வாழ்நாள் முழுக்க இதுதான்.

பம்பரம் தரையில் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, தினமும் இப்படியா?"

"யாருக்குத் தெரியும்? சும்மா இருக்கறவ எதைக் கண்டா?"

"தப்புதான் அண்ணி. வியாழக்கிழமை நீங்க சும்மா ஒரு கையெழுத்து..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை. அதே அறை, அதே கோப்புகள். கையெழுத்துப் போடப் போகிறேனா இல்லையா என்று வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பம்பரத்துக்கு என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுத்தே சுளுக்கியிருக்கும்.

"முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் ஆடிட்டர். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வரி ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்வேன்னு கேட்டீங்களே மேடம். இதைத்தான் சொல்வேன். நான் சும்மா இருக்கல. சும்மா வேலை பாத்தேன்."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அந்த ஆப்புல உதவின்னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கிப் பாருங்க. நான்தான் வருவேன்."

ஆடிட்டர் உண்மையாகவே தன் போனில் ஆப்பைத் தேடி இறக்கி, அமுக்கினார். என் பை அடித்தது. அவர் என் பையைப் பார்த்தார், பிறகு பம்பரத்தைப் பார்த்தார்.

"ஏன் சார், பொய்யைக் கூசாம உண்மைன்னு சொல்றவங்களை நிறைய பாத்திருக்கேன். உண்மையையே பொய்யா நினைச்சுக்கிட்டுச் சொல்ல வந்த ஆளு நீங்கதான்."

"அப்ப சம்பளம் போடலாமா மேடம்?"

"போடணும். வேலைக்குத் தகுந்த சம்பளம், நிஜமாவே இவங்க அக்கவுண்டுக்குப் போகணும். இவங்களும் அதுக்குக் கணக்குக் காட்டி, வரி வந்தா கட்டணும்."

"நானா? வரியா?" என்றேன். சிரிக்காதீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வரி கட்டப் போகிறோம் என்று பூரித்துப்போன பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"பங்கு எப்படி?" என்றார் ஆடிட்டர்.

"எனக்குத் தொண்ணூறு, அண்ணிக்குப் பத்து," என்றான் பம்பரம்.

"ஒரு நிமிஷம். டைரக்டர்னா வம்பு வந்தா என்னையும்தானே கேப்பாங்க?"

"கண்டிப்பா. பேருக்கு டைரக்டர்னு தனியா ஒண்ணு கிடையாது."

"அப்ப லாபத்துலயும் நான் பேருக்கு இருக்கமாட்டேன்."

பம்பரம் எழுந்து சுற்றப் பார்த்தான். இடமில்லை. கோப்பு அடுக்கில் இடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். "பாதி கேக்காதீங்க அண்ணி. மொத்தமும் எழுதினது நான்."

"பாதி யாரு கேட்டா? மூணுல ஒண்ணு."

அவன் விரலை மடக்கினான், நீட்டினான், முகத்தைத் துடைத்தான். கடைசியில், "எழுதிக்கோங்க மேடம்" என்றான்.

ஆடிட்டரின் கம்ப்யூட்டர் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில், தொழில் என்ற கட்டத்தில், முதல் தடவை வந்தபோதே யாரோ 'இல்லை' என்று அடித்து வைத்திருந்தார்கள். ஆடிட்டர் அதை அழித்துக்கொண்டிருக்கும்போது என் போன் மறுபடி அடித்தது. இந்த முறை அம்மா.

"என்னடி பண்ணிட்டிருக்க?"

"சும்..." வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தன் வழியில் ஓடிற்று. மீதியை விழுங்கினேன்.

"வேலையா இருக்கேன்மா. அப்புறம் கூப்பிடறேன்." வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். அம்மா அவரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள்: "மாப்பிள்ளை, என்னைக்கும் இல்லாம வேலையா இருக்கேங்கறா. என்கிட்ட எதையோ மறைக்கறா. அங்க யாருக்கு என்ன ஆச்சு?"