வெள்ளிக்கிழமை மசோதா

செம்மேடு பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த கட்சி அலுவலகத்தில், கவியரசன் நீட்டிய போனில் இருசாயி டெல்லியைப் பார்த்தாள். பச்சை விரிப்புப் போட்ட பெரிய கூடம். வரிசை வரிசையாக இருக்கைகள், முக்கால்வாசி காலி.

"ஆளுங்களயே காணமுங்களே தம்பி?"

"வெள்ளிக்கிழமை மத்தியானமுங்க்கா. மந்திரியா இல்லாதவங்க கொண்டார மசோதாவுக்கு இந்த நேரந்தான். பாதிப் பேரு ஊருக்குக் கெளம்பியிருப்பாங்க."

கவியரசன் எம்.பி.யின் தொகுதி உதவியாளன், மலையடிவாரத்துக்காரன். அவன் காட்டிய இடத்தில் எம்.பி. எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ வாசித்தார். உயர்ந்த நாற்காலியில் இருந்தவர் கேள்வி போலக் கேட்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சம்மதக் குரல்கள் வந்தன. எம்.பி. உட்கார்ந்துவிட்டார். அசோக்கின் பெயரைச் சொல்வார் என்று இருசாயி காத்திருந்தாள். அதற்குள் வேறொருவர் எழுந்து வேறெதையோ வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

அசோக் அவளுடைய மூத்தவன். போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் இரும்புக் குழாய் சரிந்து நெஞ்சில் விழுந்து செத்தான். ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து சேர்ந்தபோது, நாளாகிவிட்டதால் முகத்தைத் திறக்க வேண்டாம் என்று டிரைவர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவன் தன்னிடம் வேலைக்கே இல்லை, சும்மா தொற்றிக்கொண்டு வந்தவன் என்று லாரி முதலாளி போலீசில் சொல்லிவிட்டார். அது பொய் என்று சொல்லக்கூடிய ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி அடுத்த மாநிலத்துக்குப் போயிருந்தது. துக்கம் கேட்க வந்த எம்.பி., போர்வெல் லாரி வேலைக்காரர்களுக்கென்றே ஒரு சட்டம் வேண்டும் என்றார். மற்றவர்களைப் போல அதோடு மறந்துவிடவில்லை. கொண்டும் வந்துவிட்டார்.

சட்டம் வந்துவிட்டது என்றுதான் இருசாயி ஊரெல்லாம் சொன்னாள். சந்தைக்குப் போனபோது கவியரசன் தயங்கித் தயங்கித் திருத்தினான். இது வெறும் அறிமுகம். குலுக்கலில் பெயர் வந்தால்தான் பேசவே விடுவார்கள். பேசி, ஓட்டெடுத்து, ஜெயித்தால் மேல்சபை. அங்கேயும் ஜெயித்தால் ஜனாதிபதி கையெழுத்து.

"குலுக்கலுங்களா?"

"ஆமாங்க்கா. மந்திரி கொண்டாந்தா ஒரே நாள்ல கூட முடிஞ்சுரும். நம்மளுது அப்படியில்லீங்க."

எப்படியானாலும் டெல்லிக்குள் போய்விட்டதல்லவா என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். இளையவன் முகேஷிடம், "சட்டம் வர்ற வரைக்கும் நீ அந்த லாரியில காலு வெக்கப்படாது சாமி" என்று சத்தியம் வாங்கினாள். அவன் மிளகு பறித்தான், குச்சிக்கிழங்கு மூட்டை சுமந்தான். வேலை கிடைக்காத நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மறு வருஷம் மிளகுக்கொடிகள் வேரழுகிக் காய்ந்தன. கூட்டாளிகள் ஒவ்வொருவராக மலையிறங்கிப் போனார்கள். முகேஷ் சாப்பிடும்போது தாயின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

ஒருமுறை குலுக்கலில் பெயர் வந்தேவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை இருசாயி தலைக்குக் குளித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். வேறேதோ விஷயத்துக்காக இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த நாற்காலிக்காரர் எழுந்து போனார். பிறகு காலி நாற்காலியைத்தான் காட்டினார்கள்.

அடுத்த முறை கவியரசன் பிரச்சார ஜீப்பில் வந்தான். தேர்தல் அறிவித்திருந்தார்கள். வாசலில் நின்ற இருசாயியைப் பார்த்ததும் மைக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

"சபையைக் கலைச்சுட்டா நிலுவையில இருக்கற மசோதாவெல்லாம் செத்துருமுங்க்கா. மேல்சபையைக் கலைக்க மாட்டாங்க. அங்க கொண்டாந்திருந்தா உசுரோட இருந்திருக்கும்."

"அப்ப அங்கயே கொண்டாந்திருக்கலாமில்லீங்களா?"

"நம்ம எம்.பி. கீழ்ச்சபைங்களே." செருப்பால் மண்ணைக் கிளறினான். "திரும்ப ஜெயிச்சா மொதல்ல இருந்து..."

முகேஷ் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் பையில் துணியை அடுக்கினான். சத்தியத்தை ஞாபகப்படுத்த இருசாயி வாயைத் திறந்தாள். எது வரும்வரை என்று இப்போது சொல்வது?

"பாத்து இருந்துக்கறேம்மா" என்றான்.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வரிசை நின்றது. முகேஷிடமிருந்து போன் வந்தது. பின்னால் பூமியைக் குடையும் இரைச்சல்.

"ஓட்டுப் போட்டுட்டியாம்மா?"

"இல்ல கண்ணு, நின்னுட்டிருக்கறேன். நீ சோறு தின்னியா?"

யாரோ இந்தியில் கத்தினார்கள். "இரும்மா, வாரேன்" என்றான். போனை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. துண்டிக்கவில்லை.

இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. நடுவில் இரும்போடு இரும்பு மோதியது. இருசாயி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுபடி இரைச்சல்.

"போனை ஆஃப் பண்ணுங்கம்மா, உள்ள கொண்டு போகக்கூடாது" என்றாள் வாசலில் நின்ற பெண் போலீஸ்.

இருசாயி காதிலிருந்து எடுக்கவில்லை. முன்னாலிருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவளுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் நடுவே வெயில் விழுந்த வெற்றுத்தரை கிடந்தது. பின்னால் நின்றவர்கள் "நகருங்க்கா" என்றார்கள்.