கிரிம்ஸ்லி என்று எழுதிய லாரி

படம் தொடங்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. தேவாலயத்தின் சமையலறையில் ஒடெஸா தான் சுட்ட பீச் பழ கோப்ளர் இனிப்பை மூடியிருந்த அலுமினியத் தாளை மூன்றாவது முறையாக எடுத்து, மறுபடி மூடினாள்.

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அமெரிக்காவின் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரின் கறுப்பர் தேவாலயமும் வெள்ளையர் தேவாலயமும், நூலகமும் மாவட்டத் தொலைக்காட்சியும் சேர்ந்து எடுத்த படம் அது. ஊரின் பழைய கதைகளை ஊர்க்காரர்களே அதில் சொல்லியிருந்தார்கள். படம் முடிந்ததும் மேசைக்கு ஆறு பேராகக் கலந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு விதியும் உண்டு. படத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிக் குறை வந்தால், சொன்னவரே முன்கூட்டிப் போய் அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். சொல்லியாயிற்று என்று தாளில் கையெழுத்தும் போட வேண்டும்.

ஒடெஸா கையெழுத்துப் போட்டிருந்தாள். சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது வெள்ளையர் தேவாலயத்து ரோவீனா கிரிம்ஸ்லியிடம். பதினோரு வருஷமாக இருவரும் நூலகத்தில் ஒரே மேசையில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறார்கள். மூன்று செவ்வாய்க்கிழமைகள் ஒடெஸா சொல்ல வாயெடுத்தாள். மூன்று முறையும் ரோவீனா எலுமிச்சை கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினாள். ஒருவர் கொடுத்த பண்டத்தை வாயில் வைத்துக்கொண்டு அவருடைய அப்பாவைக் குறை சொல்லும் வழக்கம் அந்த ஊரில், கறுப்பரோ வெள்ளையரோ, யாருக்கும் கிடையாது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ரோவீனா வந்தாள்.

"உருளைக்கிழங்கு சாலட், மிஸ் ஒடெஸா. யார் செஞ்சதுன்னு தெரியாம உங்காளுங்க யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் பேரெழுதி ஒட்டிட்டேன்."

பாத்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் 'கிரிம்ஸ்லி' என்றிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஒடெஸா கேலி செய்து சிரித்திருப்பாள். அந்தப் பெயரை அவள் முதன்முதலில் படித்தது ஒரு லாரியின் கதவில்.

கர்த்தாவே, என் வாயைத் திறந்துவிடும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"அத கீழ வை, ரோ. உட்காரு."

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"படத்துல ஊர் நீச்சல் குளம் வருது. கறுப்புப் பிள்ளைங்களும் இறங்கலாம்னு கோர்ட்டு சொன்னதும் கான்கிரீட்ட கொட்டி மூடினாங்களே, அந்தக் குளம். என் தம்பி கால்வின் கதையும் வருது. அந்த வருஷ வெயிலுக்கு ஆத்துல இறங்கினவன் திரும்பி வரல. ஒம்பது வயசு." ஒடெஸா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டின லாரி யாரோடதுன்னும் சொல்லியிருக்கேன். பேரோட."

ரோவீனா பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "எங்கப்பாவோடது."

"ஆமா. உங்கிட்ட முன்னாலயே சொல்லிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். அது பொய். தப்பு என் மேலதான்."

ரோவீனா பின்கதவு வழியாக வெளியே போனாள். கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

தொலைக்காட்சிக்காரி லினெட் எட்டிப் பார்த்தாள். ஒடெஸா அவளிடமும் மறைக்காமல் சொன்னாள்.

"அந்த இடத்த வெட்டணும்னா ரெண்டு நிமிஷ வேலைதான்," என்றாள் லினெட். "சொல்லுங்க மிஸ் ஒடெஸா. வெட்டட்டுமா?"

வெட்டினால் பதினோரு வருஷ சிநேகிதி ஒருவேளை மிஞ்சுவாள். கால்வின் மறுபடி ஆற்றோடு போவான்.

"வேணாம். ஓடட்டும்."

கூடம் இருண்டது. ஒடெஸாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. திரையில் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். கால்வினின் பெயர் வந்தது. லாரியின் பெயர் வந்தது. யாரோ இருமினார்கள். அப்போது பக்கத்து நாற்காலி மெல்ல நகர்ந்தது. கார் கிளம்பிய சத்தத்தைத் தான் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

விளக்கு போட்டதும் ஆறு பேராக மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெள்ளையர் தேவாலயத்து மூப்பர் ஒருவர் தன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். பேசுவதைப் பதிவு செய்ய லினெட் கேமராவோடு வந்து நின்றாள்.

"அந்த லாரில நானும் இருந்தேன்," என்றாள் ரோவீனா. "ஏழு வயசு. கொட்டுற கைப்பிடிய எங்கப்பா என்னத்தான் இழுக்கச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். நான்தான்..."

மேசை முழுக்க அவளையே பார்த்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒடெஸா எழுந்து கேமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"நிறுத்தும்மா. இவ கிட்ட நான் முதல்ல சொல்லாம விட்டேன். இவளாவது முதல்ல எங்கிட்ட சொல்லட்டும். ஊருக்குச் சொல்லணுமான்னு அப்புறம் அவளே சொல்லுவா."

ரோவீனாவின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். பெயர் ஒட்டிய பாத்திரத்தைத் திறந்து இரண்டு தட்டில் சாலட்டைப் போட்டாள். ரோவீனா தட்டைத் தொடவில்லை.

"இத தின்னுகிட்டே எப்படிச் சொல்றது, மிஸ் ஒடெஸா?"

"இன்னைக்குச் சொல்லலாம்."

ஒடெஸா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். "ம், சொல்லு."