உப்பு பங்களா ஜன்னலில் நின்றவள்

மானாம்பதிக்கு வெளியே, ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பில் அன்று மத்தியானம் கூடியவர்கள் நாலு பேர். கவிழ்த்துப்போட்ட தண்ணீர் டிரம்மின்மேல் ஏகாம்பரம். எதிரே வேப்பமர நிழலில் கால் நீட்டி, அவன் தங்கை அங்கம்மாள். வாசற்படியில் ஏகாம்பரத்தின் மகள் சித்ரா. வருகிற மாசி மகத்தன்று கடற்கரையில் அவளுக்குக் கல்யாணம். சவுக்குக் கட்டை லோடு அடிக்கிற தாமோதரன் மட்டும் உட்காராமல் தன் வேனில் சாய்ந்து நின்றான்.

"மாமா, பயவேற்காட்டுல உங்கக்காவப் பாத்தேன்" என்றான்.

அவர்களுக்கு இருந்தது ஒரே அக்கா, பச்சையம்மா. முப்பது வருஷத்துக்கு முன் மகத்துக்குப் போன இடத்தில் காணாமல் போனவள். கரையோரம் பாழடைந்து கிடந்த உப்பு பங்களாவின் படியில் அவள் மஞ்சள் தாவணி மட்டும் கிடந்தது. கன்னியம்மா எடுத்துக்கொண்டாள் என்று அருள்வாக்கு வந்தது. சாமி எடுத்துக்கொண்டவளை யாரும் தேடவில்லை. வருஷா வருஷம் அந்தப் படியில் அம்மா விளக்கேற்றிப் பொங்கல் படைத்தாள். அங்கே வளையலும் குங்குமமும் கிடப்பதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள், ஈரப் புடவையோடு ஒருத்தி ஜன்னலில் நிற்கிறாள் என்று கதை கட்டினார்கள். இப்போது பேய் வீடியோ எடுக்க வருகிறார்கள்.

"செத்தவ மீன் வாங்க வந்தாளாடா?" ஏகாம்பரம் சிரித்தான். சிரிப்பு ஒட்டவில்லை.

"வாங்கல மாமா, விக்கிது. இப்ப பேரு மார்த்தாள். புருஷன் அருள்தாஸ், போட் ஓட்றாரு. வண்டியில மானாம்பதின்னு எய்தியிருக்கறதப் பாத்துட்டு, ஏகாம்பரத்தோட அக்கா நானு, எங்கம்மா எப்டி கீதுன்னு கேட்டுச்சு. ஐப்பசியில செத்துப் பூட்சுன்னேன். கூடையோட அப்டியே குந்திட்சு."

"இத்தினி வருசம் ஏன் வரலியாம்?" என்றாள் அங்கம்மாள்.

"வந்துச்சாம். அவரக் கட்டிக்கினு ஓடிப்போன மறுவருசமே வந்து, பயந்துக்கினு பங்களா உள்ளார நின்னுச்சாம். வெளிய அம்மா வெளக்கேத்தி இதையே சாமின்னு கும்புட்டுக்கினு கீது. அப்புறம் வருசா வருசம் வந்து ஒளிஞ்சு பாத்துட்டுப் பூடுமாம். ஒருதபா தாங்காம ஜன்னலாண்ட வந்துச்சாம். நிமுந்து பாத்த அம்மா, 'தாயே'ன்னு மண்ணுல வியுந்துட்சாம். மகளேன்னு கூப்ட்டிருந்தா ஓடியாந்திருப்பேன், தாயேன்னவள எப்டி ஏமாத்தறதுன்னு அழுவுது."

அங்கம்மாளுக்கு அந்த மகம் நினைவிருந்தது. மண்ணில் கிடந்த அம்மாவைத் தூக்கியவள் அவள்தான். "பாத்துட்டேன்டி, நல்லா கீறாடி" என்று அம்மா அரற்றினாள். ஜன்னலை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அவளோ கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

"லெட்டர் எய்துடி சித்ரா" என்றாள்.

ஏகாம்பரம் எழுந்துவிட்டான். "எய்தாத. அவ வந்தா அம்மா கும்புட்டதெல்லாம் பொய்யாப் பூடும். உன் கல்யாணத்துக்கு மொதப் படையலு அந்தப் படியிலதான். உசுரோட கீறவளுக்கா படைப்ப?"

"எலை போட்டு படைக்கறதுக்குப் பதிலா, எலை போட்டு பரிமாறிட்டுப் போறோம் நைனா."

"வாயப் பாரு. அந்த மாப்ளய நெனச்சா பாவமா கீது."

"போன்ல பேசிடேன் அத்த" என்றாள் சித்ரா. தாமோதரன் தலையை ஆட்டினான். "நம்பர் குடுக்கல. கொரலக் கேட்டா தாங்க மாட்டேன், லெட்டர் போடச் சொல்லுன்னுச்சு. அட்ரஸ்தான் கீது."

அங்கம்மாள் சொல்லச் சொல்ல சித்ரா எழுதினாள். 'அக்கா, மகத்துக்கு வா. பங்களாவுக்குப் போகாதே. கரையில் புடவை கட்டிக் குடிசை போட்டிருப்போம், நேரே அங்கே வா. நாங்கள் உன்னைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை.'

"உன் பேரும் போடட்டுமா நைனா?"

"போடாத." ஏகாம்பரம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "பென்சனுக்கு எடுத்த அம்மா போட்டோ ஒண்ணு மீந்து கீது. உள்ள வெச்சு அனுப்பு."

படத்தை அங்கம்மாளே உறைக்குள் வைத்தாள். சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மேலே சித்ரா 'மார்த்தாள்' என்று விலாசம் எழுதியதும், அங்கம்மாள் வேனில் ஏறிப் போய்த் தன் கையாலேயே தபால் பெட்டியில் போட்டாள்.